தண்ணீர் கலந்த நெருப்பு

பிஸ்கட் ஆலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் படக்கக்கா.

அவள் வேலை அப்படி. நீள அடுப்புக்குள் ஒரு வாய் வழியாகப் போகும் மாவு வில்லைகள், பிஸ்கட்டாகி மறுவாய் வழியாக வெளியே வரும். பெல்ட்டின் மேல் ஊர்ந்தபடியே ஆறும். அவை பொட்டலம் கட்டும் மேசைக்குப் போவதற்கு முன்னால் படக்கக்கா ஒன்றை எடுத்து, காதோரம் பிடித்து, இரண்டாக ஒடிப்பாள். படக் என்று கேட்டால் போகலாம். கேட்காவிட்டால் கையைத் தூக்குவாள், பெல்ட் நின்றுவிடும். முதலாளியே வந்து நின்றாலும் அவள் கை இறங்கினால்தான் பெல்ட் நகரும்.

பெயருக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை அவள் இல்லாதபோது சொல்வார்கள். மனதில் பட்டதைப் படக்கென்று போட்டு உடைத்துவிடுகிறவள் அவள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்த சூப்பர்வைசரைப் பார்த்து, "உங்க அண்ணன் சட்டையா சார்? தோள்ல தொங்குது" என்று கேட்டவள். பஸ் ஓட்டும் அவள் கணவர் சொல்வார்: "என் பஸ்ஸுக்குக்கூட ரெண்டு கதவு இருக்கு. இவ வாய்க்கு ஒண்ணுகூட வைக்கலை."

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை உடைக்காமல் விழுங்கிவிட்டாள்.

பக்கத்து ஆலையில் உப்புத் தண்ணீருக்குள் மின்சாரம் பாய்ச்சி காஸ்டிக் சோடா தயாரிக்கிறார்கள். அந்த வேலையில் ஹைட்ரஜன் தானாகவே கிளம்பும். அதுவரை அதைக் காற்றில் விட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு முதலாளிகளும் கலந்து பேசியதில் சுவரைத் துளைத்துக்கொண்டு ஒரு குழாய் இந்தப் பக்கம் வந்தது. பழைய எரிவாயு பாதி, ஹைட்ரஜன் பாதி என்று கலந்து அடுப்புக்கு விடுவதாக ஏற்பாடு. குழாய்க்கு மஞ்சள் அடித்து, கறுப்பு எழுத்தில் எழுதினார்கள்: 'நீரகம் கலந்த எரிவாயு'. ஹைட்ரஜனுக்குத் தமிழில் நீரகம். ஆபீசில் யாரோ தமிழ் ஆர்வலர் இருந்திருக்க வேண்டும்.

பொட்டலம் கட்டும் பெண்களுக்கு அது போதாதா?

"பால்ல தண்ணி கலந்து பார்த்திருக்கேன். நெருப்புல தண்ணி கலக்குறாங்களேடி இவங்க!"

"முதலாளி தொட்டா எதுலதான் தண்ணி கலக்கல?"

அடுப்பை மாற்றியமைக்கும் பொறுப்பு பர்னர்காரருக்கு. அடுப்புக்குள் பெல்ட்டுக்கு மேலும் கீழும் வரிசையாகக் குழாய்கள் ஓடும். அவற்றில் இருக்கும் துளைகளில்தான் தீ நிற்கும். அந்தக் குழாய்கள்தாம் பர்னர்கள். அவர் நிதானமான மனிதர். கீழ்வரிசைத் தீயைக் குனியாமல் பார்ப்பதற்காகச் சட்டைப்பையில் ஒரு சின்னக் கண்ணாடி வைத்திருப்பார். டீ நேரத்தில் அவர் எல்லோருக்கும் விளக்கிச் சொன்னார்.

"பழைய கேஸ் அரசாங்க ஆபீஸ் மாதிரி. மெதுவாத்தான் எரியும். ஹைட்ரஜன் அப்படி இல்லம்மா, பத்தினா ஓட்டம்தான். நாம துளை வழியா வெளிய தள்ளுற வேகத்தைவிட, தீ உள்ள திரும்பி ஓடுற வேகம் ஜாஸ்தியாயிட்டா அவ்வளவுதான். குழாய்க்குள்ளயே போய் உக்காந்துக்கும்."

சொல்லி வாய் மூடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மறுநாள் பழைய பர்னர்களிலேயே கலவையை விட்டுப் பார்த்து, தீயைச் சிறிதாகக் குறைத்தபோது டமார் என்று ஒரு சத்தம். தீ உள்ளே ஓடிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சூப்பர்வைசரின் கையிலிருந்த டீ மட்டும் அவருடைய அண்ணன் சட்டையில் போனது. அன்றிலிருந்து பர்னர்காரருக்கு டமார் சார் என்று பெயர். அவர் காதுபடவே சொன்னார்கள்.

அவர் சோர்ந்துவிடவில்லை. துளைகள் சிறியதாக இருக்கும் புது பர்னர்களைச் செய்து வாங்கி வந்து மாட்டினார். இந்தத் தடவை தீ சமர்த்தாக நின்றது. எரிகிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்குச் சமர்த்து. நாக்கு குட்டையாகவும் வெளிறிய நீலமாகவும் இருந்தது. பகல் வெளிச்சத்தில் கையால் மறைத்துப் பார்த்தால்தான் கண்ணில் படும். முதலாளி எல்லோர் முன்னாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். டமார் சார் மெல்ல மெல்ல மறுபடியும் வெறும் சார் ஆனார். வேலை செய்யும்போது சீட்டியடிக்கத் தொடங்கினார்.

அந்தச் சீட்டியைக் கேட்டுப் படக்கக்காவும் மகிழ்ந்தாள். அவர் மகனும் அவள் மகளும் ஒரே மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர்கள், ஒருவரையொருவர் பிடித்துப்போனவர்கள். இரண்டு வீட்டிலும் சம்மதம். வரும் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டார் வந்து நாள் பேசி முடிப்பதாக இருந்தது. அதற்கு முன்னாலேயே இவர்கள் இருவரும் ஆலையில் ஒருவரையொருவர் சம்பந்தி என்று கூப்பிடப் பழகிவிட்டார்கள்.

புது பர்னரில் வெந்த பிஸ்கட்டைப் பார்த்துப் பொட்டலக்காரப் பெண்கள் வாயைப் பிளந்தார்கள். பொன்னிறம், மேலே லேசாக ஒரு மினுமினுப்பு. இதுவரை இப்படி ஒரு நிறம் வந்ததே இல்லை.

படக்கக்கா ஒடித்தாள். படக் என்று கேட்கவில்லை. 'மொத்' என்று ஏதோ கேட்டது. இன்னொன்றை எடுத்து ஒடித்தாள். அதுவும் அப்படித்தான். கை மேலே போகப் பார்த்தது. சற்றுத் தள்ளிப் பர்னர்காரர் சீட்டியடித்தபடி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்றைக்குக் காற்றில் ஈரம் அதிகம் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கையை இறக்கிக்கொண்டாள். மறுநாளும் காற்றில் ஈரம் இருந்தது. அதற்கு அடுத்த நாளும்.

காற்று ஈரத்தைக் கடைக்காரர்கள் நம்பவில்லை. பொட்டலங்கள் திரும்பி வந்தன. சூப்பர்வைசர் ஒன்றைப் பிரித்து, பிஸ்கட்டை இரண்டு விரலால் வளைத்துக் காட்டினார். அது ஒடியாமல் வளைந்தது.

"இது பிஸ்கட்டா, செருப்பா? முகத்தைப் பார்த்தா சினிமா ஸ்டார். உள்ள இப்படி நமுத்துக் கிடக்கு." அவர் படக்கக்காவின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கக்கா. குத்தம் எங்க? மாவா, அடுப்பா?"

பர்னர்காரர் பக்கத்தில்தான் நின்றார். சீட்டி நின்றுவிட்டிருந்தது. மாவு பிசையும் பெண்ணும் கையெல்லாம் மாவாக வந்து நின்றாள். சேர்ந்து சில மாதமே ஆனவள், இன்னும் நிரந்தரம் ஆகாதவள்.

படக்கக்கா தொண்டையைச் செருமினாள். "மாவு... கொஞ்சம் இளக்கமோ என்னமோ."

வாழ்நாளில் அவள் 'என்னமோ' என்று ஒரு வாக்கியத்தை முடித்தது அதுதான் முதல் தடவை.

"அக்கா," என்றாள் மாவுக்காரப் பெண், மெதுவாக. "தண்ணியை நீங்க பார்க்கத்தானே அளந்து ஊத்துறேன்?"

சூப்பர்வைசருக்கு அது காதில் விழவில்லை, அல்லது விழவிட அவர் விரும்பவில்லை. "இந்த வாரம் பார்க்கிறேன். சரியாகலைன்னா மாவுக்கு வேற ஆள்" என்று சொல்லிவிட்டுப் போனார். சீட்டி திரும்பவும் ஆரம்பித்தது. படக்கக்காவால் அதைக் கேட்க முடியவில்லை.

அன்று மாலை வீட்டில் அவள் வாயைத் திறக்கவே இல்லை.

"என்ன, வீடு இவ்வளவு அமைதியா இருக்கு?" என்றார் கணவர். "ரேடியோவுக்கு உடம்பு சரியில்லையா?"

அவள் மகளிடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். "இதைக் கொஞ்சம் பாரு. மங்கலாவே இருக்கு. பவர் மாறிடுச்சு போல."

மகள் விளக்கின் முன் பிடித்துப் பார்த்தாள். "கண்ணாடி சுத்தமா இருக்கேம்மா. இப்போ மங்குதா?"

"இப்போ இல்ல. ஆலையிலதான். அடுப்பு வாய்கிட்ட குனிஞ்சா."

"குனிஞ்சா மட்டும்தானா? அது பவர் இல்லம்மா, ஆவி. சூடா டீ குடிக்கும்போது கண்ணாடில படியுதே, அதேதான்."

"அடுப்புல எங்கேர்ந்துடி ஆவி வரும்? இத்தனை வருஷமா குனியுறேன், ஒரு நாளும் படிஞ்சதில்ல."

"இத்தனை வருஷமா இல்லாதது இப்போ என்ன புதுசா இருக்கு?"

படக்கக்கா யோசித்தாள். "கேஸ்தான் புதுசு. அந்த நீரகம்."

"ஹைட்ரஜனா? அது எரிஞ்சா தண்ணிதான் ஆகும். பழைய கேஸ் எரிஞ்சாலும் தண்ணி வரும்தான். ஆனா அதே சூட்டுக்கு இதுல கூடுதலா வரும். நீராவியா வர்றதால கண்ணுக்குத் தெரியாது. ஸ்கூல்ல படிச்சதுதானேம்மா."

"நெருப்புலேர்ந்து தண்ணியா?"

"அதனாலதானே நீரகம்னு பேரு. நீருக்கு வீடு."

"அப்போ தீயணைப்பு வண்டி எதுக்கு?" என்றார் கணவர். "இன்னும் கொஞ்சம் நெருப்பு வச்சா அதுவே அணைச்சுக்குமே."

படக்கக்கா சிரிக்கவில்லை. தண்ணி கலந்த நெருப்பு என்று பெண்கள் கேலிக்குச் சொன்னது அப்படியே உண்மையாக இருந்தது. அடுப்புக்குள் ஆவி நிறைந்தால் பிஸ்கட் எப்படிக் காயும்? மேலே மினுக்கும், உள்ளே நமுக்கும். மாவில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் ஆவி போவதற்குத்தான் அடுப்பின் தலையில் புகைபோக்கி இருக்கிறதே? அது ஏன் போகவில்லை?

அவள் முகத்தைப் பார்த்தே கணவருக்குப் புரிந்துவிட்டது. "இங்க பாரு. ஞாயித்துக்கிழமை அவங்க வர்றாங்க. ஏற்கெனவே ஒரு தடவை டமார்னு பேர் வாங்கின மனுஷன். அதுவரைக்கும் எதுலயும் மூக்கை நுழைக்காம இரு."

மகள் மூக்குக்கண்ணாடியை இன்னும் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "மாமா செஞ்ச வேலையிலயாம்மா தப்பு?"

"தெரியலை."

"அவருக்குக் கோவம் வந்தா கத்தமாட்டாராம். சட்டைப் பட்டனை மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒவ்வொண்ணா தடவிப் பார்ப்பாராம். அவங்க வீட்டுல எல்லாரும் ஓடிப் போயிடுவாங்களாம்." மகள் கண்ணாடியை நீட்டினாள். "மாவு பிசையுறவங்களுக்கு வேலை போயிடுமா?"

படக்கக்கா அதை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

காலையில் அவள் சீக்கிரமே போனாள். அடுப்பு மூட்டிச் சூடேறிக்கொண்டிருந்தது. வாய்க்கு மேலே இருக்கும் தகரத்தின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக நீர் கோத்திருந்தது. எத்தனை நாளாக வடிகிறதோ, துருக்கோடு இறங்கியிருந்தது. அண்ணாந்து பார்த்தாள். புகைபோக்கிக்குள் ஒரு தகடு உண்டு, வெளியே அதைத் திருப்ப ஒரு கைப்பிடி. ஆலையில் அதை மூக்கு என்பார்கள். அடுப்பு மூச்சு விடும் இடம். எப்போதும் நிமிர்ந்து நிற்கும் அந்தக் கைப்பிடி பாதி சாய்ந்திருந்தது. பக்கத்தில் சாக்பீஸால் ஒரு புதுக் கோடு. ஆலையில் சாக்பீஸ் வைத்திருப்பவர் பர்னர்காரர் ஒருவர்தான்.

அவர் வந்தார். சீட்டியோடுதான் வந்தார்.

"வாங்க சம்பந்தி."

"வந்தேன் சம்பந்தி. வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம். ஞாயித்துக்கிழமை எத்தனை பேர் வர்றீங்க?"

"எங்க அக்கா வந்தா ஆறு. வராட்டி நிம்மதி."

அவள் சிரித்தாள். அடுத்து என்ன பேசுவதென்று தெரியவில்லை. சுற்றி வளைத்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. "அடுப்புக்கு ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

"அடுப்புக்கா?"

"கிட்ட போனா என் கண்ணாடி மங்குது."

"டாக்டர்கிட்ட காட்டுங்க சம்பந்தி. இந்த வயசுல கண்ணை அலட்சியம் பண்ணக் கூடாது."

இதற்கு மேல் வளைந்தால் அவளே ஒடிந்துவிடுவாள் போலிருந்தது. "மூக்கைப் பாதி மூடினது நீங்கதானே?"

பர்னர்காரரின் கை மெல்ல மேலே போனது. சட்டையின் முதல் பட்டனைத் தொட்டது.

"நான்தான். ஏன்? ஹைட்ரஜன் ரொம்ப லேசு. அதே சூடு வேணும்னா இந்தக் கலவையை அதிகமா விடணும். மீட்டர் ஓடுற ஓட்டத்தைப் பார்த்தீங்கள்ல? தீயும் இத்தனூண்டு தெரியுது. சூடு வீணாப் போகக் கூடாதுன்னு மூடினேன். இப்போ முள்ளைப் பாருங்க, சூடு அப்படியே நிக்குது." இரண்டாவது பட்டன்.

"சூடு நிக்குது. கூடவே தண்ணியும் நிக்குதே."

"எரிஞ்சா தண்ணி வரும்னு எனக்குத் தெரியாதா? நான் படிச்சவன்தான்." மூன்றாவது.

"உங்களுக்குத் தெரியும். பிஸ்கட் நமுத்தா எனக்குத் தெரியும். நான் அன்னைக்கே வந்து சொல்லியிருந்தா ரெண்டும் ஒண்ணு சேர்ந்திருக்கும். சொல்லலை."

அவர் பட்டனை விட்டுவிட்டுச் சட்டைப்பையிலிருந்து தன் சின்னக் கண்ணாடியை எடுத்து அடுப்பு வாயருகே நீட்டினார். அது வெண்மையாக மூடிக்கொண்டது. கைக்குட்டையால் துடைத்து மறுபடியும் நீட்டினார். மறுபடியும் மூடிக்கொண்டது. தன் முகம் தெரியாத அந்தக் கண்ணாடியை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போச்சு," என்றார். "மறுபடியும் டமார்."

"இந்தத் தடவை சத்தமே இல்ல சம்பந்தி. அதான் யாருக்கும் தெரியலை."

அவர் ஏணி போட்டு ஏறி மூக்கைத் திறந்தார். சூட்டுமானியின் முள் இறங்கத் தொடங்கியது. இறங்கி வந்து வாயுவைச் சற்றே கூட்டிவிட்டு, முள் நிலைக்கு வரும்வரை அதன் எதிரிலேயே நின்றார். மாவுக்காரப் பெண் முதல் வார்ப்பை அனுப்பினாள். வில்லைகள் அடுப்புக்குள் போயின. இரண்டு சம்பந்திகளும் மறுவாயில் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். பிஸ்கட் வந்தது, ஆறியது. மினுமினுப்பு இல்லை. பழைய மாதிரி சாதாரண முகம்.

அவள் காதோரம் பிடித்து ஒடித்தாள்.

படக்.

மேசையில் பேச்சு நின்றுவிட்டது. அத்தனை நாளாக அந்தச் சத்தம் இல்லாமல் இருந்தது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. சூப்பர்வைசர் வேகமாக வந்தார். "அப்பாடா! மாவு சரியாயிடுச்சா?"

"மாவு என்னைக்கும் சரியாத்தான் இருந்துச்சு சார்," என்றாள் படக்கக்கா. மேசையின் கடைசிவரை கேட்கும்படி சொன்னாள். "அன்னைக்கு நான் சொன்னது பொய்."

"பொய்யா?"

"பொய்தான். முதல் நாளே காதுல கேட்டது. கையைத் தூக்கியிருக்கணும். தூக்கலை."

"அப்போ குத்தம் எங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பர்னர்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். "மூக்கை மூடினது நான். பழைய கேஸ் நினைப்புலயே மூடிட்டேன். இதுக்கு முன்னைவிட நல்லாத் திறந்திருக்கணும்."

"டமார் சார், இந்தத் தடவை புஸ்ஸா?" என்று மேசையிலிருந்து ஒரு குரல். சிரிப்பு பரவியது. அவர் சிரிக்கவில்லை. கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வழக்கமாகச் சொல்லும் "வரேன் சம்பந்தி" அன்று இல்லை.

ஞாயிற்றுக்கிழமைவரை அவள் வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. கணவர் ஒரே ஒரு தடவை, "அவங்க வருவாங்களா?" என்று கேட்டார். அவளுக்குத் தெரியாது. மகளுக்குத் தெரிந்திருக்கலாம், ஆனால் மகளைக் கேட்க அவளுக்குத் துணிவில்லை.

வந்தார்கள். பர்னர்காரரின் அக்காவும் வந்திருந்தார், ஆக ஆறு பேர். பர்னர்காரர் சட்டைக்கு எல்லாப் பட்டனும் போட்டிருந்தார். அவர் கை எங்கே போகிறது என்பதையே படக்கக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் கணவரிடம் பஸ்ஸைப் பற்றிப் பேசினார், மகளிடம் கடையைப் பற்றிக் கேட்டார். அவளிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்காதான் ஆரம்பித்தார். பெண்ணை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பொண்ணு லட்சணமா இருக்கா. வாய் எப்படி? அம்மா மாதிரின்னு கேள்விப்பட்டேன்" என்றார்.

பர்னர்காரர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அம்மா மாதிரி இருந்தா நல்லதுதான்க்கா," என்றார். பிறகுதான் அன்று முதன்முறையாகப் படக்கக்காவை நேராகப் பார்த்தார். "ஆனா அவங்களே என்கிட்ட சொல்றதுக்கு அத்தனை நாள் எடுத்துக்கிட்டாங்க. எனக்கு அதுதான் வருத்தம். சம்பந்தின்னு பார்த்துத் தயங்கினா எப்படி? பொண்ணு வந்தா உடனே சொல்லட்டும்."

படக்கக்கா இன்னும் கொஞ்சம் டீ கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனாள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அதன் முன் நின்றாள். கண்ணாடி மங்கியது. இந்தத் தடவை அடுப்பின் மேல் பழி போட முடியாது. திரும்பி வருவதற்குள் நாள் குறித்துவிட்டிருந்தார்கள்.

மாவுக்காரப் பெண்ணிடம் அவள் மறுநாளே மன்னிப்புக் கேட்டாள். "பரவாயில்லக்கா" என்று அந்தப் பெண் உடனே சொன்னாள். வேலையும் நிலைத்தது. ஆனாலும் அன்றிலிருந்து தினமும் காலையில், மாவில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால், அளவுக் குவளையைத் தூக்கிக்கொண்டு பட்டறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து வருவாள்.

"பார்த்துக்குங்கக்கா. கோடு வரைக்கும்தான். அப்புறம் இளக்கமோ என்னமோன்னு சொல்லிடாதீங்க."

மேசையில் எல்லோரும் சிரிப்பார்கள். படக்கக்காவும் சிரிக்கத்தான் முயல்வாள். பிறகு, கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு, தண்ணீர்க் கோடு கண்ணுக்கு நேராக வரும்படி குனிந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பாள்.

"சரியா இருக்கு," என்பாள், சூப்பர்வைசர் அறைவரை கேட்கும்படி.